தாடை ஆபரேஷனும் வாந்தியும்: ஒரு "சின்ன" பிரச்சினையின் வரலாறு

திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குப் போகும் பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு போளூரையும் கண்ணமங்கலத்தையும் கடப்பவர்கள் உண்டு. பஸ் கிளம்புவதற்கு முன் இஞ்சி மொரப்பா வாங்கி வாயில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பவர்களுக்குச் சுக்கு காபி இருக்கிறது. குமட்டல் என்றால் இஞ்சி, எலுமிச்சை, சுக்கு. அதையும் மீறி வாந்தி வந்தால் ஜன்னல் இருக்கிறது! வாந்தியை யாரும் பெரிய வியாதியாக நினைப்பதில்லை.

ஆனால் அதே பஸ்ஸில் வேலூர் போய் தாடையில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். மேல் பற்களையும் கீழ்ப் பற்களையும் சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். முகம் வீங்கியிருக்கிறது, மூக்கு அடைத்திருக்கிறது. மயக்கம் தெளிந்தும் தெளியாத நேரத்தில் வயிறு புரட்டுகிறது. வாய் திறக்காது. மேலே வருவது எங்கே போகும்?

மூச்சுக்குழாய்க்குள் போகலாம் என்பதுதான் பதில். அதனால்தான் தாடையைக் கம்பியால் கட்டிய நோயாளியின் கட்டில் அருகே ஒரு கம்பி வெட்டும் கருவியை வைப்பது பழைய வழக்கம். எலக்ட்ரீஷியன் பையில் இருக்கும் கட்டிங் ப்ளேயர் போன்ற ஒன்று. ஆபத்து என்றால் கம்பியை வெட்டி வாயைத் திறக்க வேண்டும். பல மணி நேரம் செய்த ஆபரேஷன் கெட்டுப்போனாலும் பரவாயில்லை, உயிர்தான் முக்கியம். இவ்வளவு தெரிந்திருந்தும், ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வாந்தியை மருத்துவ உலகம் ஒன்றரை நூற்றாண்டு காலம் சின்ன விஷயமாகவே வைத்திருந்தது.

இந்த வரலாற்றை எங்கே ஆரம்பிப்பது? சுஸ்ருத சம்ஹிதையில் ஆரம்பிக்கலாம். அந்த நூல் அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளிக்கு உணவும் மதுவும் கொடுக்கச் சொல்கிறது. உணவு இருந்தால் மயங்கி விழமாட்டார், மது இருந்தால் கத்தியின் வலி தெரியாது என்பது கணக்கு. ஆனால் சில நோய்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. பிரசவச் சிக்கல், வயிற்று நோய், மூலம், கல்லடைப்பு, பவுத்திரம், இவற்றோடு வாய் நோய்கள். இவற்றுக்கு வெறும் வயிற்றில்தான் கத்தி வைக்க வேண்டும் என்கிறது. இன்று எந்த மருத்துவமனையிலும் "காலையிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது" என்று நர்ஸ் சொல்வதற்கு எவ்வளவு பழைய முன்னோடி!

அடுத்த காட்சி 1845, வங்காளம், ஹூக்ளி. ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவமனையில் இருந்தார். ஈதரும் குளோரோஃபார்மும் வராத காலம். அவர் மெஸ்மரிசம் என்ற முறையில், கைகளை நோயாளியின் உடல் மேல் அசைத்து அசைத்து ஒருவிதத் தூக்கத்தில் ஆழ்த்தி ஆபரேஷன் செய்தார். 1846-இல் லண்டனில் வெளியான தன் புத்தகத்தில் ஒரு நாற்பது வயது விவசாயியைப் பற்றி எழுதுகிறார். மேல்தாடை எலும்பின் உள்ளறையில் கட்டி. அது கண்ணை மேலே தள்ளி, மூக்கை நிரப்பி, தொண்டைக்குள் இறங்கிவிட்டது. எஸ்டெய்ல் கன்னத்தைக் கிழித்துத் தாடையிலிருந்து கட்டியை எடுக்கிறார். அந்த மனிதர் லேசாக முனகுவதைத் தவிர அசையவில்லை. ஆனால் தலையைப் பின்னால் சாய்த்துத் தொண்டைக்குள் விரலை விட்டபோது இரத்தம் மூச்சுக்குழாய் பக்கம் பாய்ந்தது. உடனே அவர் இருமிக்கொண்டு முன்னால் குனிந்து இரத்தத்தைத் துப்பினார். எஸ்டெய்ல், அப்போது அவர் விழித்துவிட்டார் என்று நினைத்தார்.

மெஸ்மரிசத்தை இன்று யாரும் நம்புவதில்லை, அது வேறு கதை. இங்கே கவனிக்க வேண்டியது அந்த இருமல். தாடை ஆபரேஷனில் எதிரி வலி மட்டுமல்ல, உள்ளே ஓடும் இரத்தமும்தான். அது மூச்சுக்குழாய்க்குள் போனால் மூச்சு அடைக்கும். வயிற்றுக்குள் போனால்? வயிற்றுக்கு இரத்தம் ஒத்துக்கொள்ளாது. சில மணி நேரத்தில் வாந்தியாகத் திருப்பி அனுப்பிவிடும். எஸ்டெய்லின் நோயாளிக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் இருமல் மிச்சம் இருந்தது. அடுத்து வந்த மயக்க மருந்துகள் அந்த இருமலையே பறித்துக்கொண்டன.

1846 அக்டோபர் 16. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுக்க, வாரன் என்ற சர்ஜன் பலர் முன்னிலையில் ஆபரேஷன் செய்தார். மயக்க மருந்து வரலாற்றின் தொடக்க நாளாக உலகம் கொண்டாடும் நாள் இது. அன்று கத்தி பட்ட இடமும் தாடைக்குக் கீழே கழுத்தில் இருந்த ஒரு கட்டிதான். ஐந்தே மாதத்தில், 1847 மார்ச் 22 அன்று, கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஈதர் பயன்படுத்தப்பட்டது. கப்பலில் கடிதம் போன காலத்தில் இது அசுர வேகம்.

வலி போனது. வாந்தி வந்தது. ஈதர் காலத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் வாந்தி எடுத்தார்கள் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. லண்டனின் ஜான் ஸ்னோ (காலராவுக்குக் குடிநீர்தான் காரணம் என்று காட்டிய அதே ஸ்னோதான்) 1848-லேயே இதைப் பற்றி எழுதினார். சாப்பிட்டவர்கள் அதிகம் வாந்தி எடுக்கிறார்கள், ஆபரேஷன் முடிந்ததும் நோயாளியை அசைத்தால் வாந்தி வருகிறது என்று கவனித்தார். இரண்டும் இன்றுவரை சரி. ஆனால் அவர் காலத்து மருந்துகளில் ஒன்று ஓபியம் கலந்த ஒயின்! ஓபியம் குடும்பத்து மருந்துகளே குமட்டலுக்கு முக்கியமான காரணம் என்பது இன்று மருத்துவ மாணவர்களின் பாலபாடம்.

ஸ்னோவுக்குப் பிறகு ஏன் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை? காரணம் எளிது. அப்போது ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் விரல் நகம் எடுக்கக் கொடுத்த குளோரோஃபார்மில் இறந்துபோனாள். குளோரோஃபார்ம் இதயத்தைக் கொல்கிறதா, மூச்சைக் கொல்கிறதா என்ற சண்டை அரை நூற்றாண்டு ஓடியது. அதைத் தீர்க்க நம் நாட்டில், ஹைதராபாத் நிஜாமின் பணத்தில், 1888-லும் 1889-லும் இரண்டு கமிஷன்கள் உட்கார்ந்தன. மூச்சைக் கவனித்தால் போதும் என்று முடிவு சொன்னார்கள். பின்னால் அது பாதிதான் சரி என்று ஆனது. உயிர் போகிறதா இல்லையா என்று விவாதிக்கும் அறையில், வாந்தி பற்றிப் பேச யாருக்கு மனம் வரும்? பிழைத்தவன் வாந்தி எடுத்தால் அது பிழைத்ததற்கு அடையாளம், அவ்வளவுதான்.

இதற்கிடையில் தாடை ஆபரேஷன் தனிப் பாதையில் வளர்ந்தது. 1849-இல் அமெரிக்காவின் வீலிங் என்ற ஊரில் ஹல்லிஹென் என்ற மருத்துவர், தீக்காயத்தால் கீழ்த்தாடை நீண்டு கோணலாகிவிட்ட ஓர் இளம்பெண்ணுக்கு எலும்பை வெட்டிச் சரிசெய்தார். அழகுக்கும் கடிப்புக்கும் தாடையை வெட்டி நகர்த்தும் வேலையின் முதல் பதிவு இதுதான். வெட்டிய எலும்பு சேரும்வரை அசையக் கூடாதே? 1887-இல் கில்மர் என்பவர் மேல் பற்களையும் கீழ்ப் பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். உடைந்த காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது போல, கீழ்த்தாடைக்கு மேல்தாடையே பத்தை. அருமையான யோசனைதான். ஆனால் அன்றிலிருந்து வாந்தியும் பூட்டிய வாயும் ஒரே கட்டிலில் படுக்க ஆரம்பித்தன.

முதல் உலகப் போர்தான் பல பேரின் கண்ணைத் திறந்தது. பதுங்குகுழியிலிருந்து தலையை நீட்டியவர்களின் முகத்தில் குண்டு பாய்ந்தது. தாடை பிளந்த சிப்பாய் ஒருவரை, தலையை முன்னால் குனிய வைத்து நடத்திக்கொண்டே வந்தார் கெல்ஸி ஃப்ரை என்ற பல் மருத்துவர். வரும்வரை அந்த மனிதர் நன்றாக இருந்தார். ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்க வைத்த சற்று நேரத்தில் மூச்சு முட்டி இறந்துபோனார். நாக்கும் இரத்தமும் பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிட்டன. தாடைக் காயம் பட்டவரை முகம் கீழே பார்க்கும்படி கொண்டுவர வேண்டும் என்ற விதி இப்படித்தான் பிறந்தது. ஒரு உயிர் கொடுத்து வாங்கிய பாடம்.

1917-இல் லண்டன் அருகே சிட்கப்பில் முகக் காயங்களுக்கென்றே ஒரு மருத்துவமனை திறந்தார்கள். முகத்தையே சரிசெய்யும்போது முகத்தின் மேல் ஈதர் மாஸ்க்கை எங்கே வைப்பது? மேகில், ரோபாதம் என்ற இரண்டு மயக்க மருத்துவர்கள் மூச்சுக்குழாய்க்குள்ளேயே ரப்பர் குழாயை விட்டு, அதன் வழியே மயக்க மருந்து கொடுக்கும் முறையை வளர்த்தார்கள். குழாயைச் சுற்றித் தொண்டையில் துணியை அடைத்தார்கள். இரத்தம் நுரையீரலுக்குள் போவது பெரிதும் தடுக்கப்பட்டது. இன்று உலகம் முழுக்க எந்தப் பெரிய ஆபரேஷன் நடந்தாலும் தொண்டையில் போகும் குழாய்க்குப் பின்னால் அந்த முகமிழந்த சிப்பாய்கள் இருக்கிறார்கள்.

ஆனால் குழாய் காப்பது ஆபரேஷன் நேரத்தை மட்டுமே. எடுத்த பிறகு? 1946-இல் நியூயார்க்கின் மெண்டெல்சன், 44,016 பிரசவங்களின் பதிவுகளைப் புரட்டி, அதில் 66 தாய்மார்களுக்கு மயக்கத்தில் வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருப்பதைக் காட்டினார். வயிற்று அமிலம் நுரையீரலை எப்படிப் புண்ணாக்குகிறது என்றும் விளக்கினார். "வாந்திதானே" என்று சொன்னவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். 1950-களில் குளோர்புரோமசைன் வகை மருந்துகள், 1960-களில் மெட்டோகுளோபிரமைடு என்று வரிசையாக வந்தன. எதுவும் முழுசாக நிறுத்தவில்லை. 1957-இல் ஆப்வெகெஸர் என்ற சர்ஜன் கீழ்த்தாடையை வாய்க்குள்ளிருந்தே நீளவாக்கில் பிளந்து நகர்த்தும் முறையை உலகுக்கு அறிவித்தார். வெளியே தழும்பு இல்லை. முன்னால் துருத்திய தாடை, மூடாத வாய் என்று கூனிக்குறுகிய எத்தனையோ இளைஞர்கள் ஆபரேஷனுக்கு வந்தார்கள். முடிந்ததும் வாயை ஆறு வாரம் கட்டிப் போட்டார்கள்.

வணிகவியல் படிப்பவர்களுக்குச் சுவாரசியமான பகுதி இனிதான்.

1999-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மகாரியோ குழுவினர் 101 நோயாளிகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். உங்களிடம் 100 டாலர் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பின் வரக்கூடிய கஷ்டங்களின் பட்டியல் இதோ. எதைத் தவிர்க்க எவ்வளவு கொடுப்பீர்கள்? வலிக்குத்தான் அதிகம் ஒதுக்குவார்கள் என்று தோன்றும். இல்லை. அதிகப் பணம் வாந்திக்குப் போனது! 2001-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னொரு ஆய்வில், வாந்தியும் குமட்டலும் வரவே வராது என்று உறுதி தரும் மருந்துக்கு 56 டாலர் வரை சொந்தப் பணம் தரத் தயார் என்றார்கள் நோயாளிகள். டாக்டர்கள் 150 வருடமாகச் சின்னது என்று நினைத்ததற்கு நோயாளிகள் வைத்த விலை இது. கேட்டால்தானே தெரியும்! பாட்ரீஷியா கபூர் என்ற மயக்க மருத்துவர் 1991-லேயே இதை "பெரிய சின்னப் பிரச்சினை" என்ற பொருளில் தலையங்கம் எழுதியிருந்தார்.

அதே 1990-களின் தொடக்கத்தில் ஒண்டான்செட்ரான் சந்தைக்கு வந்தது. பிரிட்டனின் கிளாக்ஸோ கம்பெனி கண்டுபிடித்தது. முதலில் கேன்சர் மருந்துகளால் வரும் கடும் வாந்திக்குத்தான். குடலில் சுரக்கும் செரட்டோனின் என்ற பொருள் நரம்பைத் தொட்டு மூளைக்கு "வாந்தி எடு" என்று செய்தி அனுப்புகிறது. ஒண்டான்செட்ரான் அந்தப் பூட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாவி நுழைய இடமில்லை. பழைய மருந்துகளைப் போல ஆளைத் தூங்க வைப்பதுமில்லை.

புதிய வெளிநாட்டு மருந்து என்றால் நம் ஊருக்கு வர இருபது வருடம் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. காரணம் இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் உண்டு என்றது அது. வேறு செய்முறையில் அதே மருந்தை நம் கம்பெனிகள் தயாரிக்கலாம். 2005 ஜனவரி 1-இல் பொருள் காப்புரிமை திரும்ப வரும்வரை இந்தக் கதவு திறந்திருந்தது. சிப்லாவின் எமெசெட் அந்தக் கதவு வழியே வந்த பெயர்களில் ஒன்று. இன்று மருந்துக்கடையில் ஒண்டான்செட்ரான் என்று கேட்பவர்களை விட எமெசெட் என்று கேட்பவர்கள்தான் அதிகம். 1994-இல் தமிழக அரசு தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்க ஆரம்பித்ததும், அரசு ஆஸ்பத்திரிக்கு இது போன்ற மருந்துகள் மலிவாக வர வழி செய்தது. மருத்துவ வரலாறு என்றால் டாக்டர்கள் வரலாறு மட்டுமல்ல, சட்டமும் டெண்டரும் அதில் உண்டு.

சரி, மருந்து வந்ததும் தாடை நோயாளிகளின் வாந்தி நின்றதா? 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தாடையை நகர்த்தும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வந்தது என்றது. பத்தில் நான்கு பேர்! ஏன் இவ்வளவு? 1999-இல் ஜெர்மனியின் ஆப்ஃபெல் சொன்ன நான்கு அடையாளங்களைப் பார்த்தால் புரியும். பெண்ணாக இருப்பது, புகைபிடிக்காதவராக இருப்பது, முன்பு ஆபரேஷனிலோ பஸ் பயணத்திலோ வாந்தி எடுத்திருப்பது, ஆபரேஷனுக்குப் பின் ஓபியம் குடும்பத்து வலி மருந்து எடுப்பது. ஒன்றும் இல்லாதவருக்குப் பத்து சதவீத வாய்ப்பு, நான்கும் இருந்தால் எண்பது. (புகைபிடிப்பவர்களுக்கு வாந்தி குறைவு என்பது உண்மைதான். இதை யாரும் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு நுரையீரலில் வேறு பிரச்சினைகள் காத்திருக்கின்றன.) தாடை ஆபரேஷனுக்கு வருபவர்களில் பலர் இளவயதினர், அவர்களில் பெண்கள் அதிகம். வேலூர் பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இப்போதே மூன்று மதிப்பெண்! இதற்கு மேல் நீண்ட நேர மயக்கம், விழுங்கிய இரத்தம்.

2004-இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று இன்னொரு உண்மையைச் சொன்னது. ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், டிரோபெரிடால் என்ற மூன்றும் தனித்தனியே ஆபத்தைக் கிட்டத்தட்ட 26 சதவீதம் குறைக்கின்றன. சேர்த்துக் கொடுத்தால் மீதியிருப்பதில் 26 சதவீதம். அதாவது 80 பேர் வாந்தி எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு மருந்து கொடுத்தால் 59, இரண்டு கொடுத்தால் 44, மூன்று கொடுத்தால் 32. முதல் மருந்து 21 பேரைக் காப்பாற்றுகிறது, மூன்றாவது 12 பேரைத்தான். பொருளாதாரப் பாடத்தில் படித்த குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி அப்படியே ஆபரேஷன் தியேட்டரில்! ஈதர் வழி வந்த வாயுக்களுக்குப் பதிலாகப் பால் போல வெள்ளையாக இருக்கும் புரோபோஃபாலை இரத்தக்குழாயில் ஏற்றினாலும் வாந்தி குறைகிறது என்று அதே ஆய்வு காட்டியது. வலிக்கு ஓபியம் மருந்தைக் குறைத்து, தாடை நரம்பிலேயே மரத்துப்போகும் ஊசி போடுவதும் உதவுகிறது. வயிற்றில் சேர்ந்த இரத்தத்தை மயக்கம் தெளியும் முன் குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பவர்களும் உண்டு.

தொண்டையில் அடைத்த துணியின் கதை கொஞ்சம் தலைகீழ். இரத்தம் வயிற்றுக்குப் போகாமல் தடுத்தால் வாந்தி குறையும் என்று எல்லோரும் நம்பினார்கள். நியாயமான நம்பிக்கைதான். சோதித்துப் பார்த்தால் வாந்தி குறைந்ததற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை, தொண்டை வலி மட்டும் கூடியது. அதைவிட மோசம், துணியை எடுக்க மறந்துவிட்டு மூச்சு அடைத்த சம்பவங்கள். 2009-இல் பிரிட்டனில் இதற்காகவே எச்சரிக்கை அறிவிப்பு விட்டார்கள். 2018-இல் அங்குள்ள மருத்துவச் சங்கங்கள், வழக்கமாக எல்லோருக்கும் துணி அடைக்க வேண்டாம் என்றன.

நம்ம ஊர் இஞ்சிக்கும் சோதனை நடந்தது. 1990-இல் லண்டனின் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில், ஆபரேஷனுக்கு வந்த 60 பெண்களிடம் ஒரு கிராம் இஞ்சித் தூளைச் சோதித்தார்கள். மெட்டோகுளோபிரமைடு அளவுக்கு அது வேலை செய்தது. பின்னால் நடந்த சில ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. கட்சி இன்னும் இழுபறிதான். மணிக்கட்டுக்கு உள்பக்கம் மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே அழுத்தும் சீன முறைக்கு 1980-களில் பெல்ஃபாஸ்டில் டண்டீ என்பவர் நடத்திய ஆய்வுகள் ஓரளவு மதிப்பு சேர்த்தன. செலவில்லாத வைத்தியம், வாயும் திறக்க வேண்டாம்.

ஆனால் தாடை நோயாளியின் பயத்தைப் பெரிதும் குறைத்தது இந்த மருந்துகள் எதுவும் இல்லை. அது ஒரு தச்சு வேலை. 1970-களில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஷாம்பி என்பவர், வெட்டிய எலும்பை உள்ளேயே சின்னஞ்சிறு பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து இணைக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். எலும்பு தானே உறுதியாக நிற்கும்போது வாயை ஆறு வாரம் பூட்டுவதற்கு அவசியம் குறைந்தது. கம்பிக்குப் பதில் இப்போது பெரும்பாலும் ரப்பர் பேண்டுதான், அதையும் கத்தரிக்கோலால் ஒரு நொடியில் வெட்டலாம். நூறு வருடமாக வாந்தியை நிறுத்த மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் வாயைத் திறந்துவிட்டார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குத் திரும்பும் 80 கிலோமீட்டருக்கு மட்டும் ஜான் ஸ்னோதான் இன்றும் வழிகாட்டி. நோயாளியை அசைத்தால் வாந்தி வரும் என்றார் அவர். அவர் கண்ணமங்கலம் ரோட்டைப் பார்த்ததில்லை! குலுங்காத முன் சீட், நிமிர்ந்த தலை, வயிற்றில் கொஞ்சமாகக் கஞ்சித் தண்ணீர், டாக்டர் எழுதிக்கொடுத்த எமெசெட், துணைக்கு வருபவரின் பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். இஞ்சி மொரப்பாவை மெல்லத்தான் முடியாது.